குடும்பத்துக்கு இப்போது நீதான் கிராணி

பீடோர், பேராக்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் உனக்கு இடம் கிடைத்ததற்கு வாழ்த்தைப் போனிலேயே சொல்லியாயிற்று. 1969-இல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக் அது. நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போவது சின்ன விஷயமில்லை. இந்தக் கடிதம் வேறொன்றுக்காக.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு, பீடோர், தாப்பா, சுங்காய் வட்டாரத்துத் தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் தானாக வளர்ந்திருக்கிறது. எஸ்டிஆர் உதவித்தொகை, ஈபிஎஃப் சேமநிதிக் கணக்கு, பாட்டியின் கிளினிக் தேதி, தம்பியின் பள்ளிக்கூட உதவி என்று எது வந்தாலும் வீட்டில் படித்த ஒரு பிள்ளையின் கைப்பேசி வழியாகத்தான் போகிறது. எல்லாருடைய ஐசியின், அதாவது அடையாள அட்டையின், முன்பக்கமும் பின்பக்கமும் அந்தப் பிள்ளையின் வாட்ஸ்அப்பில் படமாகக் கிடக்கும். பத்துக் கணக்குக்கும் ஒரே பாஸ்வர்ட்தான், அதுவும் பெரும்பாலும் தாத்தாவின் பிறந்த தேதி. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் ஒரு குடும்பத்தின் பெயர், சம்பளம், பிடித்தம் எல்லாம் இருந்த மாதிரி. கிராணியாவது ஆபீசைப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நம் வீட்டில் அந்தப் பிள்ளை நீ. பூட்டு எங்கே கிடைக்கும், எந்தப் பூட்டை நம்பலாம் என்பதுதான் பெரியப்பா சொல்ல வந்த விஷயம். காசு செலவில்லை.

முதலில், எது ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது என்பதைத் தெரிந்துகொள்.

2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. மலேசியக் கைப்பேசி எண்கள் 4 கோடியே 62 லட்சம், அவற்றின் சொந்தக்காரர்களுடைய பெயர், முகவரி, ஐசி எண்ணோடு வெளியே கசிந்திருந்தன. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்திருப்பதால் எண்ணிக்கை அதைத் தாண்டியது. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எதுவும் தப்பவில்லை. போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் வருமான வரி வாரியம் என்றும் சொல்லிக்கொண்டு கூப்பிடும் மக்காவ் மோசடிக்காரன், பாட்டியின் முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லி மிரட்டினால், அவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை.

ஐசி எண்ணை நாம் ரகசியம்போல நினைக்கிறோம். அது ரகசியமே இல்லை. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பீடோரில் பிறந்த ஒரு பெண்ணின் பிறந்தநாள் வாழ்த்தை ஃபேஸ்புக்கில் பார்த்தவனுக்கு, எட்டு இலக்கம் கையில் வந்துவிட்டது. அப்படிப்பட்ட எண்ணைத்தான் கிளினிக் முதல் கார்ப் பட்டறை வரை எல்லாரும் கேட்கிறார்கள், நாமும் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம்.

அரசாங்கமே இதில் இடறியிருக்கிறது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி 'பாடு' என்ற மத்திய தரவுத்தளம் திறக்கப்பட்டது. ஒருவருடைய ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் இன்னொருவர் பதிந்துகொள்ளலாம் என்பதை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். பீடோர் முழுமைக்கும் 35500 ஒன்றுதான் குறியீடு, அதில் என்ன காவல் இருக்கிறது? ஓட்டையை விரைவில் அடைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் வாய் திறந்து சொன்னதால்தான் அடைபட்டது என்பதை மட்டும் நினைவில் வை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுவும் வணிகக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான். மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. தரவு கசிந்தால் நிறுவனங்கள் ஆணையருக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதி 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கசிந்த பிறகு அபராதம் போடுவதால் பாட்டியின் முகவரி திரும்ப உள்ளே வராது.

ஆகவே, சேகரிக்காதவனிடம் கொடு.

இதற்கு நடந்த உதாரணம் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு விசாரணைக்காக, சிக்னல் செயலியை நடத்துபவர்களிடம் பயனர் விவரங்களைக் கேட்டு நீதிமன்ற ஆணை வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே விவரங்கள்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. யாரோடு பேசினார், எந்தக் குழுவில் இருந்தார், எதுவுமே அவர்களிடம் இல்லை. நல்லவர்கள் என்பதால் மறைக்கவில்லை; வைத்திருக்கவே இல்லை. அந்தச் செயலியின் மூலநிரல் வெளிப்படையாக இருப்பதால், இப்படித்தான் இயங்குகிறதா என்று வெளியார் படித்துப் பார்க்கலாம்.

இந்த மாதிரி மென்பொருளைத்தான் தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் அது. மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இலவசம் என்பதற்காகப் பெரியப்பா இதைச் சொல்லவில்லை. டிக்டாக்கும் இலவசம்தான்.

குறையே இல்லாததா என்றால், இல்லை. லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்ஸெட் என்ற சிறு மென்பொருளின் புதிய பதிப்பில் ஒரு கள்ளக்கதவு இருப்பது 2024 மார்ச்சில் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லபடியாக உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் வைத்தது. தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டினார், பரவலாகப் போய்ச் சேரும் முன்பே பிடித்துவிட்டார். அரை வினாடிக்காகச் சந்தேகப்படும் மனிதர் இருப்பது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள். ஆனால் தோண்டிப் பார்க்க அவருக்கு மூலநிரல் கையில் இருந்தது.

சரி, உனக்கு வேண்டியதற்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முந்தியது பாஸ்வர்ட். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டு போனில் கீபாஸ்டிஎக்ஸ், இரண்டும் கட்டற்றவை. பாஸ்வர்டுகள் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்த ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு எந்த நிறுவனத்தின் கணினிக்கும் தானாகப் போகாது, நீ வைத்த இடத்தில் இருக்கும். அப்பாவின் ஈபிஎஃப், அம்மாவின் மின்னஞ்சல், உன் பாலிடெக்னிக் கணக்கு என ஒவ்வொன்றுக்கும் அதுவே இருபது எழுத்தில் தாறுமாறான பாஸ்வர்டை உருவாக்கித் தரும். நீ மனப்பாடம் செய்ய வேண்டியது கோப்பைத் திறக்கும் சொற்றொடர் ஒன்றுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை ரோமன் எழுத்தில் போடு: பெத்தாய், ஏணி, தபால்காரர், மழைக்கோட்டு, சுருட்டு என்பதுபோல. இதையே போட்டுவிடாதே, கடிதத்தில் எழுதியாயிற்று. பாட்டு வரியும் பழமொழியும் உதவாது, மற்றவர்களுக்கும் அவை தெரியும். சொற்களை நாமாக யோசித்தால்கூட வழக்கமான சொற்களே வந்து விழும் என்பதால், 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் ஒரு முறை வகுத்தார். ஐந்து பகடைகளை உருட்டினால் வரும் எண்ணுக்கு, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் இருக்கும். தேவையான சொற்கள் சேரும்வரை உருட்ட வேண்டியதுதான். மறந்துபோகுமே என்றால் ஒரு தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வை. போன் குறிப்பேட்டில் இருப்பதைவிட அலமாரித் தாள் எவ்வளவோ மேல். மோசடிக்காரன் பீடோருக்கு வந்து அலமாரியைத் திறக்க மாட்டான்.

மின்னஞ்சல் கணக்கைத் தனியாகக் கவனி. அது போனால், 'பாஸ்வர்டை மறந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தியே மற்றக் கணக்குகளையும் எடுத்துவிடுவார்கள். அதற்கு இரண்டாவது பூட்டாக ஏஜிஸ் செயலியைப் போடு. எண் உன் போனிலேயே உருவாகும், எஸ்எம்எஸ் வழியாக வராது. எஸ்எம்எஸ்ஸில் வரும் டேக் என்ற ஒருமுறை எண்ணை நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் பேங்க் நெகாராவே முடிவு செய்து, வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. காரணம் உனக்கே தெரிந்த, செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகள்தான். கல்யாண அழைப்பிதழ், வீடு சுத்தம் செய்யும் சேவை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். தொட்டு நிறுவினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே எஸ்எம்எஸ்ஸைப் படித்து மோசடிக்காரனுக்கு அனுப்பிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டற்ற செயலிகளுக்கென்று 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு கிடங்கையும் ஏபிகே கோப்பாகத்தான் நிறுவ வேண்டும். உன் போனில் அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து நிறுவு, நிறுவியதும் உலாவிக்குக் கொடுத்த அனுமதியை மூடிவிடு. வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதியை எந்த நாளும் கொடுக்காதே. பாட்டியின் போனில் எஃப்-டிராய்டு வேண்டவே வேண்டாம். சிக்னல், ஏஜிஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கின்றன.

வாட்ஸ்அப்பை விட்டு எல்லாரும் சிக்னலுக்கு வாருங்கள் என்று சொந்தக்காரர்களிடம் பிரசாரம் செய்து பொழுதைப் போக்காதே. கோயில் திருவிழாவும் துக்கச் செய்தியும் வாட்ஸ்அப்பில்தான் வரும். அதில் உரையாடல் 2016 முதலே சிக்னலின் நெறிமுறையில்தான் மறையாக்கம் ஆகிறது. ஆனால் யாரோடு எப்போது பேசினாய் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், செயலியின் மூலநிரலும் வெளியில் இல்லை. வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்கான பின் எண்ணைப் போட்டுக்கொள். 'ஆறு இலக்க எண் ஒன்று தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள் அக்கா' என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பினால் கணக்கு போய்விடும். ஐசி படங்களையும் வங்கி விவரங்களையும் அனுப்ப வேண்டி வந்தால் நீயும் அப்பாவும் அம்மாவும் மட்டும் சிக்னலில் வைத்துக்கொள்ளுங்கள், தானாக அழியும் நேரத்தோடு.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கீபோர்டை யோசிப்பதில்லை. நீ தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. 2017 டிசம்பரில் ஏஐ.டைப் என்ற கீபோர்டின் தரவுத்தளம் பூட்டின்றிக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 3 கோடிக்கும் அதிகமானவர்களின் விவரங்கள், அவர்களுடைய போனிலிருந்த தொடர்பு எண்கள் உட்பட. முரசு அஞ்சலும் செல்லினமும் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அவை கட்டற்றவை அல்ல என்றாலும் செய்தவர் யார் என்று நமக்குத் தெரியும். முகம் தெரியாத யாரோ செய்த, பூப்போட்ட தீம் கொடுக்கும் கீபோர்டை எடுத்து எறி. ஹெலிபோர்ட் என்று ஒன்று இருக்கிறது, கட்டற்றது, தமிழ் உண்டு, இணைய அனுமதியே கேட்காது.

மடிக்கணினி பழசாக வாங்கப்போவதாக அப்பா சொன்னான். கடையில் கிரேக் செய்த விண்டோஸும் ஆபீஸும் போட்டுத் தருகிறேன் என்பார்கள். கிரேக் செய்தவன் உள்ளே வேறென்ன வைத்தான் என்று கடைக்காரருக்கே தெரியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. லினக்ஸ் மின்ட்டும் லிப்ரே ஆபீஸும் போட்டுக்கொள். இதெல்லாம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. அரசுத் துறைகளில் திறமூல மென்பொருளைக் கொண்டுவர மாம்பு என்ற அரசு அமைப்பு 2004-லேயே பெருந்திட்டம் வகுத்தது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் சேர்த்தால் போலி விளம்பரங்களில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. தமிழில் படித்துச் செய்ய வேண்டுமென்றால் 2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் இதழ் இருக்கிறது.

எந்த மென்பொருளும் காப்பாற்ற முடியாத ஒன்றும் உண்டு. வளாகத்தில் யாராவது 'உன் ஏடிஎம் கார்டைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு வெள்ளி தருகிறேன்' என்று வருவான். ஆலோங் என்ற கந்துவட்டிக்காரனுக்கும் மோசடிக் கும்பலுக்கும் கணக்கை வாடகைக்கு விட்ட பிள்ளைகள் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். 2024-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி அதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

தீபாவளிக்குப் பீடோர் வரும்போது ஒரு மாலையைப் பாட்டியின் போனுக்கு ஒதுக்கு. 997 என்ற எண்ணை, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணை, முதல் பெயராகப் பதிந்து வை. பணம் போனது தெரிந்த உடனே வங்கிக்கோ அங்கோ அழைத்தால்தான் அது அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தப் பார்க்க முடியும். வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி வைத்தால் முடியாது. அதனால் பாட்டியைத் திட்டாமல் சொல்லிக்கொடு.

கீபாஸ் கோப்பின் ஒரு பிரதியை யுஎஸ்பியில் போட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போ. திறக்கும் சொற்றொடரை எனக்கும் சொல்லாதே.

அன்புடன்,
பெரியப்பா