மதுவின் கணக்கில் எழுதப்படாத செலவு

மதுவில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அல்லாஹ் தன் திருமறையில் மறைக்கவில்லை (2:219). பயனையும் பாவத்தையும் எடைபோட்டு, பாவமே கனமானது என்று காட்டுகிறான். பின்னர் இறங்கிய வசனங்கள் (5:90, 91) மதுவை முற்றாகத் தடுத்தன. அது மக்களிடையே மூட்டிவிடும் பகையை அதற்குக் காரணமாகச் சுட்டின.

இன்று பயன் என்று காட்டப்படுவது அரசின் வருமானம். 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் உள்ளது. 2023-24இல் அதனால் அரசுக்குக் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். மறுதட்டில் இருப்பது என்ன? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் பொதுப் பணத்திலிருந்து போயிற்று.

பத்திரிகையில் வராத சிறு குற்றங்களின் செலவோ வீடுகளின் தலையில் விழுகிறது. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையிலோ தோல் ஷாப்பிலோ வாரக்கூலி வாங்கும் இருவர் போதையில் மோதி, ஒருவர் மண்டை உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். காயம் கடுமையானால் சுமார் 60 கிலோமீட்டர் தாண்டி மதுரை இராஜாஜி மருத்துவமனை. சிகிச்சை இலவசமானாலும் அவர் கூலியும், உடனிருக்கும் மனைவியின் கூலியும் போயிற்று. அடித்தவர் வீட்டிலோ ஜாமீன், வக்கீல் பீஸ், வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி. நகை அடகுக்குப் போகிறது. மது என்னும் ஹராமைத் தொடர்ந்து வட்டி என்னும் ஹராமும் வீட்டுக்குள் நுழைகிறது.

“நாம் குடிப்பதில்லையே” என்று இருந்துவிட முடியாது. மது தொடர்பாகப் பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதீ, இப்னு மாஜா நூல்களில் ஹதீஸ் உண்டு. குடிப்பவர் அவர்களில் ஒருவரே. சுமப்பவரும், விற்பவரும், அதன் கிரயத்தை உண்பவரும் அதில் அடங்குவர். கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டு மதுக்கடைக்கோ பாருக்கோ கட்டிடம் விடுபவர், அந்த வாடகை எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பாதிக்கப்பட்ட இரு வீடுகளையும் ஜமாஅத் கைவிடலாகாது. மனைவி மக்கள் குற்றம் செய்யவில்லை. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு (9:60). அடகிலிருக்கும் நகையை மீட்டுக் கொடுத்தால் வட்டி நிற்கும்; பிள்ளையின் படிப்பும் நிற்காது. பிற சமயத்தார் வீடாயின் ஸதகாவிலிருந்து உதவலாம்.

அல்லாஹ் நம் இல்லங்களை இத்தீமையிலிருந்து காப்பானாக! ஆமீன்.