பென்னியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஆங்கிலோ-சாக்சன் வெள்ளிக் காசான பென்னியைச் சேர்க்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் மன்னர் ஆல்ஃபிரட் மீதுதான் கண் போகும். அங்கே ஆரம்பித்தால் கையைக் கடிக்கும். 1066இல் ஒன்பது மாதம் மட்டும் ஆண்ட மன்னர் ஹரால்டின் காசும் அப்படித்தான்.

முதல் காசுக்கு இரண்டாம் எதெல்ரெட்டைத் (978–1016) தேடுங்கள். வைக்கிங் படைகளைத் திருப்பி அனுப்ப 991இல் 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்தார்கள். பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவருடைய காசுகள் இங்கிலாந்தைவிட வைக்கிங்குகளின் ஸ்காண்டிநேவிய மண்ணில்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன. நிறையக் கிடைப்பதால் விலையும் மற்றவற்றைப் போல மிரட்டாது.

அடுத்த வேலை, வாங்கும் முன்பே படிக்கப் பழகுவது. அவருடைய நீள்சிலுவைப் பென்னி ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகப்பில் ராஜாவின் தலை, சுற்றிலும் எழுத்து. விளிம்பருகே சின்னச் சிலுவைக் குறி இருக்கும். அங்கிருந்து வலஞ்சுழியாகப் படித்தால் மன்னர் பெயரும் பட்டமும் வரும். திருப்பினால் விளிம்புவரை நீளும் சிலுவை. அரைக்காசு, கால்காசு வேண்டுமென்றால் அந்தக் கோட்டிலேயே வெட்டிக்கொண்டார்கள். சிலுவையைச் சுற்றி ‘காட்வைன்’ என்று ஒரு பெயர், பின்னால் லண்டனைக் குறிக்கும் நான்கு எழுத்து. காசு அடித்த பொறுப்பாளியும் ஊரும் அவை. 973 வாக்கில் எட்கர் மன்னர் நாணயத்தைச் சீர்திருத்தியபின் இது நாடு முழுக்க ஒரே ஒழுங்காயிற்று. எடை குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று காசே சொல்லிவிடும். ராஜா முகத்தைவிட எனக்கு இந்தப் பக்கம்தான் பெரிய சரித்திரம். ஊர்வாரியாகச் சேர்த்தால் ஆயுசுக்கும் போதும்.

காசு கைக்கு வந்ததும் மின்தராசில் வையுங்கள். பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் கிராமுக்குள் நிற்கும். குறுக்களவு 20 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். வார்ப்புத் தையல் தெரிந்தால் போலி. ஒரே கீறல், ஒரே பள்ளம் இரண்டு காசுகளில் இருந்தாலும் போலிதான். கத்திமுனையால் கொத்திய தடங்களைக் கண்டு ஒதுக்காதீர்கள்: வெள்ளி நல்லதா என்று வைக்கிங் உலகத்தில் சோதித்த அடையாளம் அது.

எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் கேளுங்கள். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். 2015இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் அருகே இருவர் ஒரு புதையலை எடுத்து, 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அறிவிக்காமல் மறைத்து விற்றார்கள். 2019இல் சிறைக்குப் போனார்கள். அந்தக் காசுகள் சிலவற்றில் ஆல்ஃபிரடும் மெர்சியா நாட்டு மன்னர் இரண்டாம் கியோல்வுல்ஃபும் சரிசமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் எழுதிய வரலாறு கியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஒதுக்கியது. அதை மறுத்துப் பேசும் சாட்சியின் பெரும்பகுதி இன்னும் மீட்கப்படவில்லை. ரசீது இல்லாத காசை வாங்குவது இந்தக் களவுக்குக் கை கொடுப்பதுதான். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் இணையப் பதிவேட்டில் தேடினால், தனியாகக் கிடைத்த காசுகள் பலவற்றின் விவரம் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கியபின் தேய்க்காதீர்கள், வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள். பழைய வெள்ளி பட்டென்று ஒடியும். பிவிசி உறை ஆகாது. அமிலமில்லாத காகித உறையில் போட்டு, பழைய உரிமையாளரின் சீட்டையும் கூடவே வையுங்கள்.