மனச்சோர்வை முன்கூட்டியே அறியக் கணினி உதவுமா?

நீரிழிவு, இதயநோய், பக்கவாதம் முதலிய நீண்டகால நோய்களுடன் வாழ்வோரிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் உடல்வலியைக் கூறுமளவுக்குப் பலர் மனவலியைக் கூறுவதில்லை. இத்தயக்கத்தைக் கடக்கக் கணினி துணைபுரிகிறது.

‘பி.எச்.கியூ-9’ என்னும் வினாப்பட்டியலைக் கைப்பேசியிலோ கணினியிலோ நிரப்பலாம். கடந்த 2 வாரங்களில் ஆர்வமின்மை, உறக்கக் கோளாறு, களைப்பு போன்றவை எத்தனை நாள்கள் இருந்தன என்பதை 9 வினாக்கள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். உச்ச அளவு 27. கணினி உடனே கூட்டிக் காட்டும். முந்தைய விடைகளோடு ஒப்பிடவும் உதவும். மொத்தம் 10 அல்லது அதற்கு மேலானால் மருத்துவரின் நேரடி மதிப்பீடு தேவை. விடைகளை நோயாளியே தெரிவு செய்யட்டும். குடும்பத்தினர் திருத்த வேண்டா.

எனினும் இது சல்லடையே, தீர்ப்பு அன்று. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே களைப்பைத் தரக்கூடும். அவற்றைப் பரிசோதித்தே மருத்துவர் முடிவு செய்வார். மறுபுறம், மதிப்பெண் குறைவாயினும் பேச்சு குறைதல், உணவை ஒதுக்குதல் போன்ற மாற்றங்களை வீட்டார் கண்டால் தயங்காமல் தெரிவிக்க வேண்டும்.

9ஆம் வினா, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத் துன்புறுத்தும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு ‘சில நாள்கள்’ என்று விடை வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பாராமல் அன்றே மருத்துவரை அணுகுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. எண்ணைக் கணினி கூட்டும்; அருகில் அமர்ந்து கேட்க வேண்டியவர்கள் நாமே.