பசுமைக் கட்டடம் எப்போதும் பசுமையாக இருக்குமா?

மாணவர்களே, புத்ராஜெயாவில் தலைகீழாக நிறுத்திய பிரமிடு போன்ற ஒரு கண்ணாடிக் கட்டடம் உண்டு. அது எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம். அதை ‘வைரக் கட்டடம்’ என்று அழைப்பார்கள். 2010இல் பயன்பாட்டுக்கு வந்த இக்கட்டடம், வழக்கமான அலுவலகத்திற்குத் தேவைப்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொண்டே இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது.

இது எப்படிச் சாத்தியம்?

முதலாவது, நிழல். சுவர்கள் 25 பாகை வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கின்றன. நம் நாட்டில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். அப்போது மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கிறது.

இரண்டாவது, குளிர்ந்த தளம். மாடித் தளங்களின் கான்கிரீட்டுக்குள் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. இரவில் அவற்றில் குளிர்நீர் ஓடும். ஏன் கான்கிரீட்? 1 கன மீட்டர் காற்றின் பொருண்மை சுமார் 1.2 கிலோகிராம். அதே கன அளவுள்ள கான்கிரீட்டின் பொருண்மையோ சுமார் 2,400 கிலோகிராம். இரண்டின் தன்வெப்பக் கொள்ளளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, பொருண்மை மிகுந்த கான்கிரீட் பெருமளவு வெப்பத்தை ஏற்றாலும் அதன் வெப்பநிலை மெதுவாகவே உயரும். இரவில் குளிர்ந்த தளம், மனிதர்களும் கணினிகளும் வெளிவிடும் வெப்பத்தைப் பகலில் உறிஞ்சிக்கொள்கிறது.

பராமரிப்பு இல்லாவிட்டால்?

இத்தகைய கட்டடத்தில் ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த தளத்தைத் தொடும். ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், நீராவி தளத்தில் சுருங்கி நீர்த்துளியாகும். தரை வழுக்கும், பூஞ்சை பிடிக்கும். எனவே, அங்கே ஜன்னலை மூடி வைப்பதும் பராமரிப்புதான்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் அலுவலகத்தின் தரைப்பரப்பு 10,000 சதுர மீட்டர். அது ஓராண்டில் 650,000 கிலோவாட் மணி மின்சாரம் பயன்படுத்தியது. மின்சாரத்தைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது 65. இதுவே அதன் ஆற்றல் குறியெண். மறு ஆண்டு மின்பயன்பாடு 800,000ஆக உயர்ந்தது; குறியெண் 80. புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. பிறகு ஏன் இந்த உயர்வு?

கட்டட மேலாளர் ஒரு துப்பறிவாளரைப்போல் தேடுவார். குளிரூட்டியின் வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால், காற்றைத் தள்ள விசிறி கூடுதலாக உழைக்க வேண்டும். வெப்பநிலை உணரி பழுதாகி 2 பாகை கூட்டிக் காட்டினால், அறை குளிர்ந்த பிறகும் குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டால், இலவசமாகக் கிடைத்த பகல்வெளிச்சம் வீண்.

இவை ஒவ்வொன்றும் சிறு தவறுதான். ஆனால், நாள்தோறும் நடந்தால் கட்டணச் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான், 2009இல் மலேசியாவில் தொடங்கப்பட்ட பசுமைக் கட்டடக் குறியீட்டுச் சான்றிதழ் நிரந்தரமானதல்ல. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்து புதுப்பிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டின் ஓராண்டு மின்பயன்பாட்டைத் தரைப்பரப்பால் வகுத்து, குறியெண்ணைக் கண்டுபிடியுங்கள்.

2. பெற்றோரின் உதவியோடு குளிரூட்டியின் வடிகட்டியைக் கழுவுங்கள். கழுவுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்திற்கு மின்மானி அளவைக் குறித்து ஒப்பிடுங்கள். நியாயமான ஒப்பீட்டிற்கு எந்தெந்த மாறிகளை மாற்றாமல் வைக்க வேண்டும்? எழுதிப் பாருங்கள்.