ஒலிபெருக்கியின் மிகைக் கூர்மையைத் தணித்தல்

நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒலிபெருக்கியிலும் சில வேளைகளில் ஒலி செவியைக் குத்துவதுபோல் கேட்கின்றது. பாடகரின் சகர, ஷகர ஒலிகள் சீறுகின்றன, சலங்கையொலி இரைச்சலாகின்றது. கேட்போர் கருவியே பழுதென்று கருதி வேறொன்றை வாங்க முற்படுகின்றனர். ஆயின், பல வீடுகளில் குற்றம் அறையிலேயே உள்ளது. ஆகவே, பொருளைச் செலவிடுமுன் அறையை ஆராய்தல் வேண்டும்.

காரணம்

மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை உணர வல்லது. இவற்றுள் 2,000 முதல் 5,000 வரையுள்ளவற்றை மிக நுட்பமாக உணர்கின்றது. இவை அளவு மிகுந்தால் செவி கூசுகின்றது. பூசிய சுவர், சிமென்டுத் தரை, கண்ணாடி ஆகியவை இவ்வதிர்வுகளைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புகின்றன. துணி, பஞ்சு, கம்பளம் ஆகியவற்றின் நுண்துளைகளில் புகும் ஒலியோ உராய்வினால் வெப்பமாக மாறி மறைகின்றது.

1895ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றில் பேச்சு விளங்காமையை வாலஸ் சபைன் என்னும் அறிஞர் ஆராயத் தொடங்கினார். அக்கூடத்தில் ஒரு சொல்லின் முழக்கம் அடங்க 5 வினாடிக்கு மேலாயிற்று. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பியபோது முழக்கம் குறைந்தது. இதிலிருந்து அவர் கண்ட விதி வருமாறு: அறையின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, மொத்த உட்கவர்தலால் வகுத்தால், முழக்கம் அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். திறந்த சன்னலின் ஒரு சதுர மீட்டர் பரப்பு, உட்கவர்தலின் ஓர் அலகாகும்.

எடுத்துக்காட்டு

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வெற்றறையின் கன அளவு 60. உட்பரப்பு 94 சதுர மீட்டர். உட்கவர் எண்ணை 0.03 எனக் கொண்டால் மொத்தம் 2.8 அலகு, முழக்க நேரம் 3.4 வினாடி. மடிப்புடன் தொங்கும் கனத்த திரை 8 சதுர மீட்டரும் (எண் 0.5), தடித்த கம்பளம் 10 சதுர மீட்டரும் (எண் 0.3) சேர்த்தால் மொத்தம் 9.8 அலகாகும், நேரம் ஏறத்தாழ 1 வினாடியாகக் குறையும்.

செய்முறை

1. அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுக. ஓசை கலகலவென்று நீண்டால் அறையைத் திருத்துதல் வேண்டும்.

2. கேட்பவர் தம் இடத்தில் அமர, மற்றொருவர் முகக்கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்துக. ஒலிபெருக்கி எவ்விடத்தில் தெரிகின்றதோ, அவ்விடத்தில் திரை தொங்கவிடுக. அல்லது நூல்கள் நிறைந்த அலமாரியை வைக்க.

3. உயர் அதிர்வுகள் ஒலிபெருக்கியின் நேர்முகமாகவே மிகுதியாகச் செல்லும். ஆதலின் அதனைச் செவியினின்று சிறிது விலகுமாறு திருப்புக.

4. இவற்றின் பின்னரும் கூர்மை எஞ்சினால் மட்டுமே, உயரொலிக் கட்டுப்பாட்டுத் திருகைச் சிறிது குறைக்க.

திரைகளை அளவின்றிச் சேர்த்தலும் ஆகாது. மெல்லிய துணி உயர் ஒலியை மட்டுமே கவரும். தாழ்ந்த ஒலி எஞ்சி இசை மந்தமாகிவிடும்.

ஆசிரியர்களுக்கு

மாணாக்கர் வருமுன் வெற்று வகுப்பறையிலும், அவர்கள் அமர்ந்த பின்னரும் கைதட்டிக் காட்டுக. உடைகளும் உடல்களும் ஒலியைக் கவர்வதை அவர்களே உணர்வர். முழக்கம் மிக்க வகுப்பறையில் கடைசி வரிசைச் சிறுவன் பாடத்தின் சொற்களை இழக்கின்றான். அவனது கவனக்குறைவைக் கடியுமுன் சுவர்களை நோக்குதல் நம் கடமையாகும்.