கம்பியில்லா மைக்கும் ஜமாஅத்துத் தொழுகையும்

ஹம்து ஸலவாத்துக்குப் பின், பள்ளிவாசல்களின் முதவல்லிகளும், இமாம்களும், முஅத்தின்களும் கவனத்தில் கொள்ள வேண்டிய ஒரு விஷயத்தை இங்கு எழுத நாடுகிறோம்.

ஜமாஅத்துத் தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பவர் இமாமைக் கண்ணால் பார்த்துப் பின்பற்றுகிறார். பின்ஸஃப்பில் நிற்பவருக்கும், மாடியில் நிற்பவருக்கும், திரைக்குப் பின்னால் நிற்கும் பெண்களுக்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் காதை நம்பியே தொழுகிறார்கள். தக்பீரின் ஓசை நடுவில் அறுந்து போனால், இமாம் ஸுஜூதை முடித்து எழுந்த பின்னும் மாடியில் இருப்பவர்கள் ருகூவிலேயே குனிந்து நிற்க நேரிடும். ஆகவே மைக் என்பது வெறும் வசதிப் பொருள் அல்ல. பிறருடைய தொழுகை அதனோடு கட்டப்பட்டிருக்கிறது.

இமாமின் குரலைப் பின்னால் எட்டச் செய்வது நமது மார்க்கத்தில் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி நோயின்போது அமர்ந்து தொழுவித்தபோது, அவர்களுடைய தக்பீரை மக்களுக்குக் கேட்கும்படி அபூபக்ர் (ரலி) அவர்கள் சொன்னார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. ஒலிபெருக்கி புதிதாக வந்த காலத்தில், அதைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இன்று அது எங்கும் புழக்கத்தில் உள்ளது. ஆனால், பயன்படுத்தலாம் என்று அறிந்துகொண்ட அளவுக்கு, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை நாம் அறிந்துகொள்ளவில்லை.

கருவி செய்யும் வேலை என்ன?

கம்பியில்லா மைக்கில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று டிரான்ஸ்மிட்டர். இது கைமைக்குக்குள்ளேயே இருக்கும். அல்லது காலர் மைக்கோடு இணைந்து இமாமின் இடுப்பில் சிறு பெட்டியாக இருக்கும். இது குரலை வானொலி அலையாக மாற்றி அனுப்புகிறது. மற்றொன்று ரிசீவர். அந்த அலையைப் பிடித்து, மீண்டும் ஒலிக்குரிய மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது இதன் வேலை. மைக் கெட்டுவிட்டது என்று நாம் சொல்லும் பல சமயங்களில் மைக் நன்றாகவே இருக்கும். ரிசீவரை வைத்த இடம்தான் தவறாக இருக்கும்.

ரிசீவரை வைக்கும் முறை

1. ரிசீவரை இரும்பு பீரோவுக்குள் பூட்டி வைக்க வேண்டாம். வானொலி அலை இரும்பைக் கடந்து வராது. களவுக்கு அஞ்சினால் மரப் பெட்டியோ, கண்ணாடிக் கதவுள்ள மர அலமாரியோ போதும்.

2. இமாம் நிற்கும் இடத்திலிருந்து ரிசீவரின் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆட்கள் நிறைந்து நிற்கும்போதும் தெரியும்படி, தலைக்கு மேலான உயரத்தில் வைப்பது நலம். மனித உடலும் இந்த அலையை விழுங்கக் கூடியது. காலியான பள்ளியில் சரியாக வேலை செய்த மைக், ஜும்ஆக் கூட்டத்தில் விட்டுவிட்டுக் கேட்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

3. மிஹ்ராபிலிருந்து சுமார் 3 மீட்டராவது தள்ளி வைக்கவும். மிக அருகில் இருந்தால் அலை அளவுக்கு மீறி விழுந்து ஒலி கெடும். மிகத் தூரமும் கூடாது. பெட்டியின்மேல் எழுதியிருக்கும் தூரம் தடையில்லாத திறந்தவெளிக்கு உரியது. தூண்களும் சுவர்களும் உள்ள கட்டடத்தில் அவ்வளவு கிடைக்காது.

4. இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவரில் இரண்டையும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல விரித்து வைக்க வேண்டும். நேராக வரும் அலையும், சுவரிலும் தூணிலும் மோதித் திரும்பி வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர்தான். ஆகவே இமாம் ஓரடி நகர்ந்தாலும் ஒலி அறுந்துபோகலாம். ஓர் ஆன்டெனா இழந்ததை மற்றது பிடித்துக்கொள்ளவே இரண்டு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் மடக்கிப் படுக்க வைத்தால் அந்தப் பயன் குறைந்துவிடும்.

5. வைஃபை பெட்டி, கண்காணிப்புக் கேமராவின் ரெக்கார்டர், எல்.இ.டி. விளக்கின் டிரைவர் ஆகியவற்றின் அருகில் ரிசீவரை வைக்க வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்கிற்கு வைஃபை நெருங்கிய அண்டை வீட்டார் ஆகும், இடைஞ்சல் வரும்.

அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் அணைத்துவிட்டு, ரிசீவரை மட்டும் போட்டு ‘ஸ்கேன்’ செய்ய வேண்டும். அப்போதுதான் அவ்விடத்தில் காலியாக உள்ள அலைவரிசையை அது கண்டுபிடிக்கும். பிறகு டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, ரிசீவரின் முகப்பிலுள்ள சிறு கண்ணாடிக்கு அருகில் காட்டி இணைக்க வேண்டும். இந்த இணைப்பு வசதி இல்லாத செட்டுகளில் இரண்டிலும் ஒரே எண்ணைக் கையால் வைக்க வேண்டும். குத்பாவுக்கு ஒரு மைக், தொழுகைக்கு ஒரு மைக் என இரண்டு இருந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு அலைவரிசை வேண்டும். ஒரே அலைவரிசையில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் இரண்டுமே கெடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரர்கள் பள்ளிக்கு மைக் செட் அன்பளிப்பாகக் கொண்டு வருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் அலைவரிசைப் பங்கீடு வேறு. நம் நாட்டில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 2022 ஆம் ஆண்டின் ஏலத்தில் கைப்பேசிச் சேவைக்கு விற்கப்பட்டது. அமெரிக்காவில் அப்பகுதியில் கம்பியில்லா மைக் உபயோகிப்பது 2010 ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. பழைய செட்டுகள் பல அப்பகுதியில் இயங்குபவை. வாங்குமுன் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவின் அங்கீகாரம் பெற்ற செட்டா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குக. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு 2005 ஆம் ஆண்டின் விதிகள் உரிம விலக்கு அளித்துள்ளன.

உயிர்ச்சேதம் வராமல் காத்தல்

இப்பகுதியை முஅத்தின் சகோதரர்கள் இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கிலுள்ள எர்த் கம்பியை வெட்டி விடுகிறவர்கள் உண்டு. இரைச்சல் நின்றுவிடும், அதோடு உயிருக்கு இருந்த காவலும் நீங்கிவிடும். ஆம்ப்ளிஃபயருக்குள் மின்கசிவு ஏற்படும் நாளில் அதன் இரும்பு உடலைத் தொடுபவர், ஒளூச் செய்த ஈரக் கையோடும் வெறுங்காலோடும் வந்த ஒருவராக இருப்பார். இமாமின் கையில் உள்ள கம்பியில்லா மைக் மின்சார வயரோடு சேர்ந்ததல்ல. அது பெரும் பாதுகாப்பே. ஆனால் ரிசீவரும் ஆம்ப்ளிஃபயரும் மின்சாரத்தோடு இணைந்தே இருக்கின்றன. எர்த்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். ரிசீவர், மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்து, மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். கேபிளால் இணைத்தால் இரைச்சல் பெரும்பாலும் நீங்கும். மின்கசிவைக் கண்டு தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பள்ளியின் மெயின் போர்டில் பொருத்துவது முதவல்லியின் கடமைகளில் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

ரிசீவருடன் வந்த அடாப்டரையே உபயோகிக்கவும். அது பழுதானால், ரிசீவரில் குறித்துள்ள அதே வோல்ட், அதே பிளஸ் மைனஸ் அமைப்பு, குறையாத ஆம்பியர் உள்ளதை வாங்கவும். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு அடாப்டரைச் செருகக் கூடாது. மினாராவில் குழாய் ஸ்பீக்கர் உள்ள பள்ளிகளில் இடி மின்னல் வருமுன் பிளக்கைப் பிடுங்கி வைக்கவும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

போடும் ஒழுங்கும் அணைக்கும் ஒழுங்கும்

போடும்போது: ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்து வைத்து, முதலில் ரிசீவர், பிறகு டிரான்ஸ்மிட்டர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். பின்னர் மெல்லச் சத்தத்தைக் கூட்டவும். பேசும்போது ரிசீவரில் ‘பீக்’ விளக்கு அடிக்கடி எரிந்தால் டிரான்ஸ்மிட்டரின் ஒலி அளவைக் குறைக்கவும்.

அணைக்கும்போது: முதலில் ஆம்ப்ளிஃபயர், பிறகு டிரான்ஸ்மிட்டர், கடைசியில் ரிசீவர்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. சாதாரண செட்டில் டிரான்ஸ்மிட்டரை முதலில் அணைத்துவிட்டால், ரிசீவர் அதே அலைவரிசையில் வரும் வேறு எதையும் பிடித்துக்கொள்ளக் கூடும். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அதே அலைவரிசையில் மைக் இருந்தால், அங்கு பாடும் பாட்டு நம் பள்ளியின் ஸ்பீக்கரில் கேட்கும். இதை மறுபுறமும் எண்ணிப் பாருங்கள். நம் மைக்கில் பேசுவது அங்கும் கேட்கலாம். குடும்பத் தகராறு, தலாக், கடன் என்று மக்கள் தம் இரகசியங்களை இமாமிடம் வந்து சொல்கிறார்கள். காலர் மைக் அணையாமல் இடுப்பில் இருந்தால் ஒரு முஸ்லிமின் மானம் தெருவெங்கும் ஒலிபரப்பாகிவிடும். இரகசியம் அமானத் ஆகும். ஆகவே ஸலாம் கொடுத்து துஆ முடிந்தவுடன் மைக்கைக் கழற்றிவிட்டுத்தான் எவரிடமும் பேசத் தொடங்க வேண்டும்.

இமாமின் கவனத்திற்கு

காலர் மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் அளவில், ஜுப்பாவில் குத்தவும். சால்வையில் குத்தினால் உரசும் ஓசை வரும். ஸுஜூதில் தரையில் முட்டாதபடி பார்த்துக்கொள்ளவும். டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவைச் சுருட்டவோ, உடலோடு ஒட்டி வைக்கவோ கூடாது. கைப்பேசி உள்ள பையில் அதைப் போட வேண்டாம்.

பேட்டரியில் சிக்கனம் வேண்டாம். பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடக் கூடாது. ஜும்ஆவுக்கும் தராவீஹுக்கும் முன்னால் புதியதோ, முழுதும் சார்ஜ் ஏறியதோ போட்டு, கழற்றியதை மற்ற வக்துகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பல நாள் உபயோகிக்காவிட்டால் பேட்டரியை வெளியே எடுத்து வைக்கவும். உள்ளேயே கிடந்தால் கசிந்து கருவியை அரித்துவிடும். மிஹ்ராபில் கம்பி உள்ள மைக் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

சில வினாக்கள்

வினா: தொழுகையின் நடுவே மைக் நின்றுவிட்டால் இமாம் என்ன செய்ய வேண்டும்?

விடை: குரலை உயர்த்தித் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடர வேண்டும். தேவைக்காக விரலால் சுவிட்சை ஒருமுறை தள்ளுவது சிறு செயல். அதனால் தொழுகை முறியாது. பெட்டியை எடுத்துத் திறந்து பேட்டரி மாற்றுவது அதிகமான செயலாகும். அது தொழுகையை முறித்துவிடும். ஷாஃபியீ மத்ஹபில் தொடர்ச்சியான மூன்று அசைவுகள் அதிகமானவை என்பதை நினைவில் வைக்கவும். பின்னால் உள்ள ஒருவர் முபல்லிகாக நின்று உரத்துத் தக்பீர் சொல்ல வேண்டும். அவர் திக்ரு என்ற நிய்யத்தோடு சொல்ல வேண்டும். அறிவிப்பது மட்டுமே நோக்கமாக இருக்கலாகாது. அவர் யார் என்பதை ஜமாஅத்தார் முன்கூட்டியே நியமித்து வைப்பது நலம். மாடிப்படி அருகிலும் ஒருவர் வேண்டும்.

வினா: முபல்லிகும் இல்லை, மாடியில் ஓசை முற்றும் நின்றுவிட்டது. அங்குள்ளோர் என்ன செய்வது?

விடை: ஷாஃபியீ மத்ஹபினர், இமாமின் நிலையை அறிய வழியே இல்லையெனில், இமாமை விட்டுப் பிரிவதாக நிய்யத் செய்து தனியே தொழுகையைப் பூர்த்தி செய்யலாம். ஹனஃபீ சகோதரர்கள் தங்கள் இமாமிடம் இந்தச் சட்டத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்வார்களாக.

வினா: பள்ளியின் ஒலி வீட்டில் தெளிவாகக் கேட்கிறது. வீட்டிலிருந்தே இமாமைப் பின்பற்றலாமா?

விடை: ஓசை எட்டுவதால் மட்டும் ஜமாஅத் ஆகாது. இட நெருக்கமும் ஸஃப்புகளின் தொடர்பும் பற்றி நிபந்தனைகள் உண்டு. வானொலி அலை சுவரைக் கடக்கும். ஜமாஅத் அப்படிக் கடந்துவிடாது.

வினா: இமாமின் மைக்கை வெளி ஸ்பீக்கருக்கும் கொடுக்கலாமா?

விடை: தொழுகையின் ஓசை தொழுவோருக்கு உரியது. உள் ஸ்பீக்கருக்கு மட்டும் கொடுப்பதே முறை. குரலை மிக உயர்த்தவும் வேண்டாம், மிகத் தாழ்த்தவும் வேண்டாம் என்று நடுவழியைக் கற்பிக்கும் 17:110 ஆவது வசனம் நமக்கு வழிகாட்டி. பக்கத்து வீட்டில் நோயாளியும் கைக்குழந்தையும் இருப்பார்கள். 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய இடத்துக்கு உள்ளே தவிர, ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன.

வினா: பள்ளியின் மைக்கைக் கல்யாணத்துக்கு இரவல் கொடுக்கலாமா?

விடை: பள்ளிக்கென வக்ஃபு செய்யப்பட்ட பொருளை, கொடுத்தவர் நாடிய காரியத்துக்கு வெளியே உபயோகிக்க முதவல்லிக்கு அதிகாரம் இல்லை.

முடிவாக, ஒவ்வொரு வெள்ளியன்றும் பாங்குக்கு அரை மணி நேரம் முன்பாக, ஒருவர் மிம்பரில் நின்று பேச, மற்றொருவர் கடைசி ஸஃப், மாடி, பெண்கள் பகுதி என நடந்து கேட்டு வரட்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் முகம் தெரியாத எத்தனையோ பேருடைய ருகூவும் ஸுஜூதும் அதனால் ஒழுங்காகும். கடைசி ஸஃப்பில் நிற்கும் வயோதிகரின் தொழுகைக்காக உழைத்த கூலி அல்லாஹ்விடம் வீணாகாது.

நம் பள்ளிகளையும் அவற்றில் தொழுவோரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! அறிந்ததைக் கொண்டு அமல் செய்ய நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.