கொத்துண்ட கோழியும் அதன் கூட்டமும்

“கோழியைப் பற்றியும் ஒரு கட்டுரையா?” என்று நம் சங்க நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பவர் நகைக்கட்டும். ஐதராபாத்தில் ராஜேந்திரநகர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் மாணவர் சிலர், கொல்லையில் கோழி வளர்க்கும் வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டுக்கார மூதாட்டியை இவ்வூர் வழக்கப்படி ‘அவ்வா’ என்று அழைப்போம். முட்டை விற்ற காசில்தான் அவருடைய மருந்துச் செலவு நடக்கிறது. ஒரு கோழி முட்டை நிறுத்தினாலும் அவருக்கு அது தெரியும்.

சென்ற சித்திரையில் ஒரு மாலை, அவருடைய பழுப்புப் பெட்டை ஒன்று விறகடுக்கின் பின்னே பதுங்கிக் கிடந்தது. முதுகில் இறகே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. “நாய் கடித்துவிட்டதா, அவ்வா?” என்றேன். “நாய் இல்லை, நாயனா. இதன் கூட்டாளிகளே செய்த வேலை” என்றார் அவர். அந்தக் கோழியைப் பிழைக்க வைக்க நாங்கள் செய்தவற்றையும், அதில் நான் செய்த பெரும் பிழையையும் இங்கே கூறுகிறேன்.

கொத்து வரிசை

கோழிகள் கூட்டமாக வாழும் பறவைகள். அக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நார்வே நாட்டு விலங்கியலார் ஷெல்டெரூப்-எப்பே சிறு பிராயம் முதலே கோழிகளைக் கூர்ந்து நோக்கி, 1921-இல் இவ்வொழுங்கை விளக்கினார். ‘கொத்து வரிசை’ என்பது அவர் இட்ட பெயரே. முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைக்கோழி எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். வரிசை நிலைத்துவிட்டால் சண்டை குறைந்துவிடும். ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு போதும், கீழ்க்கோழி விலகிப்போகும்.

இவ்வரிசை நிற்பதற்கு ஒவ்வொரு கோழியும் மற்றதை முகம் அறிந்திருக்க வேண்டும். 1953-இல் அமெரிக்காவில் கூல், ஆர்ட்மன் என்னும் இருவர் கோழிகளின் இறகு நிறத்தையும் கொண்டையின் தோற்றத்தையும் மாற்றிச் சோதித்தார்கள். தலையும் கழுத்தும் உருமாறியபோது பழகிய கோழியையே மற்றவை அந்நியனாக எண்ணித் தாக்கின. சில வாரங்கள் காணாமற்போன கோழிக்கும் இதே கதிதான். திரும்பி வருவது பழைய தோழியல்ல, புதிய பகை என்றே கூட்டம் கொள்ளும்.

காயம் உண்டாவது ஏன்?

வரிசைக்காகக் கொத்துவது வேறு. இறகைப் பிடுங்கி இரத்தம் காண்பது வேறு. பின்னதற்கு இடநெருக்கடி, கடும் வெயில், மிகுந்த வெளிச்சம், தீனித் தட்டுப்பாடு, புரதக் குறைவு, உப்புக் குறைவு, பேன், செள்ளு முதலியவை காரணமாகும். முட்டையிடும்போது பெட்டையின் எச்சத்துவாரம் சற்றே வெளித்தள்ளிச் சிவந்து தோன்றும். முட்டைப் பெட்டி வெளிச்சமான இடத்தில் இருந்தால் மற்றவை அதைக் கண்டு கொத்தும். சிவப்பு கோழியின் கண்ணைக் கவரும் நிறம். ஒரு துளி இரத்தம் தெரிந்தால் அதுவரை சும்மாயிருந்த கோழிகளும் வந்து சேர்ந்துகொள்ளும்.

அவ்வாவிடம் முதலில் ஐந்து கோழிகளே இருந்தன. அந்தக் கூட்டிலேயே சந்தையில் வாங்கிய நான்கையும் அடைத்திருந்தார். தீனித்தட்டு ஒன்றுதான், தீனியோ வெறும் தவிடும் நொய்யும். கடைக்கோழியின் முதுகு கிழிந்ததில் வியப்பென்ன?

முதல் உதவி

அடிபட்ட கோழியை உடனே எடுத்து, நிழலும் அமைதியும் உள்ள இடத்தில், கூடை ஒன்றில் வைத்துத் தண்ணீர் காட்ட வேண்டும். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அந்நீரைத் தாராளமாக ஊற்றிக் காயத்தைக் கழுவ வேண்டும். ஒட்டிய இறகுத் துணுக்கும் மண்ணும் நீங்கும்வரை கழுவுவது நலம். அதன்பின் பொவிடோன் அயோடின் மருந்தை இளந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து பூசலாம்.

அவ்வா கையில் மஞ்சள்பொடியுடன் வந்தார். கழுவாத காயத்தில் பொடியை அப்பினால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும் என்று சொன்னேன். “சரி, முதலில் கழுவு, பிறகு நான் போடுகிறேன்” என்றார். அப்படியே மெல்லிய பூச்சாகப் போட்டோம். மனிதருக்கு வலி மரக்கச் செய்யும் களிம்புகளை மட்டும் மருத்துவர் சொல்லாமல் கோழிக்குத் தடவலாகாது.

கோழியின் தோல் மெல்லியது. எளிதில் கிழியும், சுத்தமாக வைத்தால் வியக்கத்தக்கவாறு ஆறவும் செய்யும். கோடையில் உண்மையான எமன் ஈதான். ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் காயத்தில் புழு நெளியும். ஆகவே மெல்லிய வலைத்துணியால் கூடையை மூடி, காலையும் மாலையும் காயத்தைப் பார்க்க வேண்டும். தசை ஆழமாகக் கிழிந்திருந்தாலும், எச்சத்துவாரத்தின் வழியே உட்பகுதி வெளித்தள்ளியிருந்தாலும், புழு வைத்துவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே முறை. அவர் கொடுக்கும் மருந்துக்காக எத்தனை நாள் முட்டையை உண்ணாமலும் விற்காமலும் இருக்க வேண்டும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

நான் செய்த பிழை

பழுப்புப் பெட்டையை என் அறையின் மூலையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். காயம் பொருக்குக் கட்டி நன்றாக ஆறியது. பெருமையுடன் ஒரு நண்பகலில், அவ்வா தீனி இறைக்கும் நேரம் பார்த்துக் கொல்லையில் விட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு கோழிகள் சூழ்ந்துகொண்டன. ஆறிய முதுகு மீண்டும் இரத்தமாயிற்று. அவ்வா ஒன்றும் சொல்லவில்லை. கோழியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காயத்தை ஆற்றினேன், கூட்டத்தில் அதற்கிருந்த இடத்தைக் காக்கத் தவறினேன். இரண்டையும் சேர்த்தே செய்திருக்க வேண்டும்.

மீண்டும் சேர்க்கும் முறை

இரண்டாம் முறை கொல்லையிலேயே கூட்டை ஒட்டிக் கம்பி வலையால் ஒரு சிறு தடுப்பு அமைத்து, நிழலுக்குக் கூரை போட்டு, ஈ மொய்க்காமல் வலைத்துணி சுற்றினோம். பெட்டை அதனுள்ளே, மற்றவை வெளியே. ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. முதல் நாட்களில் வெளியே இருந்தவை வலையை நோக்கிப் பாய்ந்தன. ஒரு வாரத்தில் பாய்ச்சல் நின்று, வலையின் இருபுறமும் அருகருகே தீனி பொறுக்கின.

இதற்கிடையில் காரணங்களைக் களைந்தோம். சற்றே தள்ளித்தள்ளி இரண்டு தீனித்தட்டுகள் வைத்தோம். தவிட்டோடு கடலைப் பிண்ணாக்கும், கருவாட்டுத் தூளும், கிளிஞ்சல் தூளும் சேர்ந்தன. முட்டைப் பெட்டியின் முன் சாக்குத் திரை தொங்கிற்று. கீரைக்கட்டு ஒன்றைக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டினோம்; வேலை கிடைத்த அலகு வம்புக்குப் போகாது.

முதுகில் புதிய இறகு முளைக்கும்வரை பொறுத்தோம். அரும்பு இறகிலும் இரத்தம் ஓடும். அது நன்றாக விரிந்து தோலை மூடுவதே நல்லது. பிறகு, தாக்குதலில் முந்திநின்ற கறுப்புப் பெட்டையை நான்கு நாள் தனியே அடைத்தோம். இது மிகவும் பயனுள்ள உபாயம். திரும்பி வரும்போது அதுவே புதியவளாக வருவதால் அதன் செருக்குத் தணியும். கறுப்பு இல்லாத அந்நாளில், இருட்டும் வேளையில், பழுப்பையும் அதனோடு பழகிய சாதுவான பெட்டை ஒன்றையும் சேர்த்துக் கூட்டின் கழியில் உட்கார வைத்தோம். இருளில் கோழிக்குப் பார்வை மங்கும், சண்டையிடாது. மறுநாள் விடிவதற்குள் நான் எழுந்து காவல் நின்றேன். ஓரிரு கொத்துகள் விழுந்தன. பழுப்பு விலகிப்போயிற்று, மற்றவை துரத்தவில்லை. அத்தகைய சிறு கொத்துகளில் நாம் குறுக்கிடலாகாது. வரிசை அமைவது அவற்றால்தான். இரத்தம் கண்டால் மட்டுமே பிரிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

காயம்பட்டதைக் கூட்டத்தின் கண்ணெதிரே வைக்கச் சொன்னேன். நோயுற்றதற்கும், சந்தையில் புதிதாக வாங்கியதற்கும் இது பொருந்தாது. அவற்றைத் தொலைவில், தனித்தட்டும் தனிக்கலயமும் கொடுத்துப் பிரித்து வைக்க வேண்டும்; புதியதற்கு 30 நாள் காவல் வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் கூறும் ராணிக்கேத் நோய் புகுந்தால் ஒரு வாரத்தில் கொல்லையே வெறுமையாகிவிடும். இமயமலைப் பக்கத்து ஊரொன்றின் பெயரைத் தாங்கிய அந்நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. தவறாது போடுவித்தல் வேண்டும்.

பழுப்புப் பெட்டை இன்றும் கடைக்கோழிதான். வரிசையில் ஒரு படிகூட ஏறவில்லை. ஆனால் அதற்கென ஒரு தட்டும், கழியின் ஓரத்தில் ஓர் இடமும் இருக்கின்றன. கூட்டில் சேர்ந்த மூன்றாம் வாரம் அது முட்டையிட்டது. அவ்வா அந்த முட்டையை விற்கவில்லை. வேகவைத்து உப்பும் மிளகுமிட்டு, “நாயனா, இது உன் கூலி” என்று என் தட்டில் வைத்தார்.